வயதைச் சொல்வது தாடை

மானின் வயதைக் கொம்பை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளைக்கு ஒரு வயது என்று எண்ணிக்கொண்டே போவார்கள். அந்தக் கணக்கு தவறு. வளர்ந்த புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பில் பக்கத்துக்கு மூன்று கிளைதான். நான்கு வயதிலும் மூன்று, எட்டு வயதிலும் மூன்று. கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கிற உறுப்பு. நல்ல தீனி கிடைத்த ஆண்டில் தடித்து நீளும், நோயோ பஞ்சமோ வந்தால் சிறுக்கும், முதுமையிலும் குன்றிப்போகும். இவற்றில் பெண்ணுக்கோ கொம்பே கிடையாது. செத்த மானின் வயது தெரிய வேண்டுமானால் கீழ்த்தாடையைத்தான் பார்க்க வேண்டும்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் என் தொழில். சிங்கப்பூரில் பள்ளிக்கூடப் பல் மருந்தகங்களில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் எங்களை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்த நொடியிலேயே அந்தப் பிள்ளைக்கு ஆறா, எட்டா, பதினொன்றா என்று கண் கணக்குப் போட்டுவிடும். ஆறு வயதையொட்டி முதல் கடைவாய்ப்பல் வரும். பத்து, பன்னிரண்டு வயதில் பின்னால் இருக்கும் பால்பல் விழுந்து அதன் இடத்தில் நிலைப்பல் முளைக்கும். விழுகிற பால்பல் அகலமானது, கீழ்த்தாடையில் அதற்கு ஐந்து முகடுகள் இருக்கும். அதன் இடத்துக்கு வருகிற நிலைப்பல் ஒடுங்கியது, இரண்டோ மூன்றோ முகடுகளே உள்ளது. ஏறக்குறைய இதே ஏற்பாடு மானின் வாயிலும் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆர்வம் இன்னும் தணியவில்லை.

நான் இருப்பது குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், காமன்வெல்த் பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி ஒன்றில். இந்த வட்டாரத்தை முனீஸ்வரன் கோயிலுக்காகவும், பழைய டாங்லின் ஹால்ட் கடைகளுக்காகவும் அறிந்தவர்கள் அதிகம். ஆனால் குவீன்ஸ்டவுனின் எல்லைக்குள்தான் கென்ட் ரிட்ஜும் வருகிறது. அங்கே தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் விலங்கியல் சேகரிப்புக்கு வாரிசு அது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அதன் பொறுப்பில் உள்ளன. 2015-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்த பெண் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். நீளம் 10.6 மீட்டர். வருகிறவர்கள் அதன் நீளத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். என் கண் போவது பல்வரிசைக்கு. எண்ணெய்த் திமிங்கிலத்தின் பல்லை நெடுக அறுத்து, உள்ளே படிந்திருக்கும் அடுக்குகளை எண்ணித்தான் வயதைக் கணிக்கிறார்கள். கடல் பாலூட்டிகளிடம்தான் இந்த வழி முதலில் தெளிவாகத் தெரிந்தது. 1950-ல் விக்டர் ஷெஃபர் கடல்நாய்களின் பல்லிலும், 1952-ல் ரிச்சர்ட் லாஸ் யானைக் கடல்நாயின் பல்லிலும் வயது அடுக்குகள் இருப்பதை எழுதினார்கள். மானுக்கு அந்த வழி வந்தது அதற்கும் பத்தாண்டு கழித்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கண்ணாலேயே பார்க்கக்கூடியது எது என்று பார்ப்போம்.

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அந்த இடத்தில் தடித்த ஈறுதான் இருக்கும். கீழே முன்பக்கம் எட்டுப் பற்கள். பிறகு நீண்ட வெற்றிடம். அதற்குப் பின்னால் பக்கத்துக்கு ஆறு பற்கள்: மூன்று முன்கடைவாய்ப் பற்கள், மூன்று கடைவாய்ப் பற்கள். வயதுக் கணக்கு முழுவதும் இந்த ஆறில் நடக்கிறது. குட்டிக்கு மூன்று பால்பற்கள் மட்டும் இருக்கும். வளர வளர அவற்றுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக நிலையான கடைவாய்ப் பற்கள் வரும். அமெரிக்க வெள்ளைவால் மானில் ஆறு மாதத்தில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப்பல் வந்து, இரண்டாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றரை வயதில் ஆறு பற்களும் நிற்கும். அப்போது பார்க்க வேண்டியது முன்னாலிருந்து மூன்றாவது பல். அது பால்பல்லாக இருந்தால் மூன்று முகடுத் தொகுதிகள் தெரியும், நன்றாகத் தேய்ந்தும் இருக்கும். அது விழுந்து நிலைப்பல் வந்துவிட்டால் இரண்டே தொகுதிதான். புதுப்பல் என்பதால் வெள்ளையாக, தேயாமல் நிற்கும். இந்த மாற்றம் ஒன்றரை வயதை ஒட்டி நடந்துவிடும். ஆகவே அந்த ஒரு பல்லைப் பார்த்தாலே மான் ஒன்றரை வயதைத் தாண்டியதா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: வரிசையின் கடைசிப் பல்லுக்கும் மூன்று தொகுதி உண்டு, அது நிலைப்பல். பின்னாலிருந்து எண்ணுகிறவர்கள் அதைப் பார்த்துக் குழம்புவார்கள். எப்போதும் மூக்குப் பக்கமிருந்து எண்ண வேண்டும்.

ஒருமுறை நீலகிரியின் மசினகுடியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். என் சித்தப்பா மகன் அப்போது காட்டுயிர் ஆய்வு மாணவர் ஒருவருக்குக் களஉதவியாளராக இருந்தான். அவர்கள் தங்கியிருந்த ஓட்டு வீட்டின் பின்னறையில் பலகை அடித்து, அனுமதியோடு சேகரித்த மான் தாடைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எண். கூடவே ஒரு தடித்த நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக இடம், நாள், கொன்றது எது என்ற விவரம்.

“அக்கா, பல்லுதானே உங்க வேலை. இதுக்கு என்ன வயசுன்னு சொல்லுங்க பாப்போம்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

மூன்றாவது பல் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று தொகுதி, மேற்பரப்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. வேர்களுக்கிடையே கீழிருந்து புதுப்பல்லின் முனை தெரிந்தது. “பால்பல் விழப்போற நேரம்டா, பிள்ளைங்க கணக்குல பத்து பதினொண்ணு” என்றேன். அவன் நோட்டைப் புரட்டினான். புள்ளிமான், செந்நாய் அடித்தது, இளம் ஆண் என்று எழுதியிருந்தது. “இங்க நாங்க மாசக் கணக்கெல்லாம் எழுதறதில்லக்கா. குட்டி, எளசு, வளந்தது, கெழடு. அவ்வளவுதான்” என்றான்.

அவன் சொன்னதில் இருந்த நேர்மையைப் பிற்பாடு படிக்கப் படிக்கத்தான் முழுதாக உணர்ந்தேன். வட அமெரிக்க வேட்டைத் துறைகள் மானுக்கு ‘ஒன்றரை’, ‘இரண்டரை’, ‘மூன்றரை’ என்று அரை அரையாக வயது எழுதும். அங்கே குட்டிகள் ஏறக்குறைய ஒரே பருவத்தில், மே ஜூன் வாக்கில் பிறக்கின்றன. வேட்டைப் பருவம் நவம்பரில் வருகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் ஆறு மாதம். எனவே வேட்டையில் விழுகிற மான் எதுவும் முழு வயதில் விழுவதில்லை, எப்போதும் அரை ஒட்டிக்கொண்டு வரும். நம் காட்டுப் புள்ளிமான் ஆண்டு முழுவதும் குட்டி போடுகிறது. சில மாதங்களில் அதிகம், சில மாதங்களில் குறைவு, அவ்வளவே. பிறந்த மாதம் தெரியாத விலங்குக்கு அரை வயதுக் கணக்கு எழுதினால் அது வெறும் அலங்காரம்.

இந்த அரை வயதுக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தவர் நியூயார்க் மாநிலத்தில் பணியாற்றிய சி.டபிள்யூ. செவரிங்ஹாஸ். 1949-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையே இன்றும் வெள்ளைவால் மான் வேட்டை நடக்கும் இடங்களில் அடிப்படைப் பாடம். பல் முளைப்பதையும் மாறுவதையும் விளக்கியதோடு அவர் நிற்கவில்லை. எல்லா நிலைப்பல்லும் வந்த பிறகு தேய்மானத்தை வைத்து வயதைப் பிரித்தார். பல்லின் வெளிப்புறம் எனாமல், வெள்ளையானது, கடினமானது. உள்ளே டென்டின், பழுப்பு நிறம், மென்மையானது. முகடு தேயத் தேயப் பழுப்புக் கோடு அகலமாகும். முதல் கடைவாய்ப்பல்லில் பழுப்புக் கோடு இருபுறத்து வெள்ளையைவிட அகலமாகிவிட்டால் மூன்றரை வயது. இரண்டாவது பல்லிலும் அப்படி ஆனால் நாலரை. மூன்றாவதிலும் ஆனால் ஐந்தரை. முதலில் வந்த பல் முதலில் தேயும் என்பதே இதன் அடிப்படை. அங்கே வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான்களை வனத்துறைச் சாவடிகளில் வாய் பிளந்து பார்ப்பார்கள். விழுந்தவற்றில் பெரும்பகுதி ஒன்றரை வயது என்றால், அந்தக் காட்டில் ஆண்மான்கள் முதிர்வதற்கு முன்பே சுடப்படுகின்றன என்று பொருள். அடுத்த பருவத்துக்கு எத்தனை அனுமதிச் சீட்டு கொடுப்பது என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்வார்கள்.

தேய்மானத்தில் ஒரு சிக்கல் உண்டு. என் தொழிலில் நான் கண்டதும் அதுதான். ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பல் ஒன்றுபோல் தேய்வதில்லை. இரவில் பல்லைக் கடிக்கிற பிள்ளைக்கு எட்டு வயதிலேயே பால்பல் மழுங்கியிருக்கும். மானுக்கும் அப்படித்தான். மணல் ஒட்டிய புல்லை மேய்கிற மானின் பல் சீக்கிரம் தேயும். மென்மையான இலை தழை தின்கிற மானின் பல் நாள்பட நிற்கும். 2002-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த மான்களின் தாடைகளை, இந்த வேலையில் பழகியவர்களிடமே கொடுத்து வயது கேட்டார்கள். குட்டி, ஓராண்டைத் தாண்டியது, அதற்கு மேல் வளர்ந்தது என்ற மூன்று பிரிவுகளை மட்டும் நம்பலாம், அதற்கு மேல் தேய்மானத்தை வைத்து ஆண்டு சொல்வது நம்பத்தக்கதல்ல என்பது அதன் முடிவு. மசினகுடி ஓட்டு வீட்டில் என் தம்பி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

சரி, வளர்ந்த மானின் வயதைத் துல்லியமாகச் சொல்ல வழியே இல்லையா? இருக்கிறது. பல்லின் வேரைச் சுற்றி சிமென்டம் என்று ஒரு மெல்லிய பூச்சு படிந்துகொண்டே வரும். மனிதப் பல்லிலும் உண்டு, வேரைத் தாடையோடு பிணைத்து வைப்பது அதுதான். குளிர்நாடுகளில் தீனி குறைந்த பனிக்காலத்தில் இந்தப் படிவு மெதுவாகி ஒரு கருங்கோடு விழும். கோடையில் அகலமான வெளிர்பட்டை. மரத்தின் ஆண்டு வளையத்தை எண்ணுவதுபோல இதையும் எண்ணலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லோ, கவன் இருவரும் 1963-ல் மானுக்கு இதை விளக்கி எழுதினார்கள். கீழ்த்தாடையின் நடு முன்பல்லைப் பிடுங்கி, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, மெல்லிய சீவலாக அறுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வேரின் நுனி உடையாமல் பல்லைப் பிடுங்குவதுதான் கைப்பக்குவம், அங்கேதான் கோடுகள் தெளிவாக இருக்கும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இந்த வேலைக்கென்றே ஓர் ஆய்வகம் நடக்கிறது, பல மாநில வனத்துறைகள் அங்கே பல் அனுப்புகின்றன.

ஆனால் பனிக்காலமே இல்லாத ஊர்களில் கருங்கோட்டுக்கு எங்கே போவது? தென்னிந்தியக் காடுகளில் நீண்ட வறட்சிக் காலம் ஓரளவு கோடு போடலாம், ஆனால் அது பனிக்காலக் கோடுபோல் திட்டமாக இராது. ஆண்டுக்கு இரண்டு மழைப்பருவம் வருகிற இடத்தில் ஒரே ஆண்டுக்கு இரண்டு கோடுகள்கூட விழக்கூடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் எல்லா மாதமும் பச்சைதான். வெப்பமண்டலத்துக்கு என்று தனி அளவுகோல் வேண்டும், அதற்குப் பிறந்த நாள் உறுதியாகத் தெரிந்த விலங்குகளின் தாடைகள் வேண்டும். விலங்கியல் தோட்டங்களில் பிறந்து, பதிவேட்டில் நாள் குறிக்கப்பட்டு, அங்கேயே இறக்கும் ஒவ்வொரு மானின் தாடையையும் பாதுகாத்தால் அந்த அளவுகோல் தானாகவே உருவாகும். நம் நாடுகளின் விலங்கியல் தோட்டங்கள் இதை ஒரு கடமையாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். அதற்கு முன்பு நீலகிரியில் துரைமார்கள் வேட்டையாடிக் குவித்ததும், அது கட்டுமீறிப் போய் 1879-லேயே நீலகிரிக்கென்று தனியாக வேட்டைச் சட்டம் வந்ததும் பழைய கதை. அவர்கள் அளந்தது கொம்பின் நீளத்தை. இப்போது அங்கே மானை அறுவடை செய்வது புலியும் சிறுத்தையும் செந்நாயும். அவை விட்டுச் சென்ற தாடைகளே நம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த ஆவணம்.

விலங்கியலாளர் ஜார்ஜ் ஷேலர் 1960-களில் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவில் இப்படிப்பட்ட மிச்சங்களை ஆராய்ந்தார், 1967-ல் அது புத்தகமாக வந்தது. அதன் பிறகு இறங்கியவர் நம் நாங்குநேரிக்காரர். ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசி கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே கால்நடையாகத் திரிந்தார். செந்நாய்க் கூட்டம் ஒரு புள்ளிமானைச் சிறிது நேரத்தில் தின்று முடித்துவிடும். கொன்ற இடத்துக்குத் தாமதமாகப் போனால் பெரும்பாலும் தலையும் தோலும் சில எலும்புகளுமே மிஞ்சும். அந்த மிச்சத்தை வைத்துத்தான் எந்த இனம், ஆணா பெண்ணா, என்ன வயதுப் பிரிவு என்று எழுத வேண்டும். தமிழ் மண்ணிலிருந்து போன ஒருவர் இவ்வளவு பொறுமையாக ஒரு காட்டின் கணக்கை எழுதினார் என்பதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் சொல்ல வேண்டும். 2024-ல் அவர் காலமானபோது இங்கே என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்கவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

ஆய்வாளர்கள் உல்லாஸ் காரந்தும் மெல் சன்குவிஸ்டும் நாகரஹோளே காட்டைப் பற்றி 1995-ல் எழுதியதைப் பார்த்தால் தாடைகளின் மதிப்பு புரியும். புலி கொன்ற புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றிகளில் வளர்ந்த ஆண்களின் பங்கு அதிகம், காட்டெருதுகளிலோ இளையவை அதிகம். செந்நாயும் புள்ளிமானில் வளர்ந்த ஆண்களைத் தேர்ந்து அடித்திருந்தது. சிறுத்தை அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. வேட்டை விலங்கு கிழடு கட்டைகளை மட்டும் பொறுக்கித் தின்கிறது என்று பொதுவாக நம்புவதுபோல் உண்மை அவ்வளவு எளிமையானது அல்ல என்பதை மிச்சமாகக் கிடந்த எலும்புகள் காட்டிவிட்டன.

சிங்கப்பூரிலும் கடமான் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. பழைய காட்டுக் கடமான்கள் சென்ற நூற்றாண்டின் நடுவில் இங்கே அற்றுப்போயின. இன்று மண்டாய், மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் திரிபவை 1970-களில் விலங்கியல் தோட்டத்திலிருந்து தப்பிய சில மான்களின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. மிகச் சிறிய கூட்டம். மண்டாய் லேக் ரோட்டின் மேல் 2019-ன் இறுதியில் திறந்த விலங்குப் பாலத்தை அவை பயன்படுத்துகின்றன. இருந்தும் சாலையில் வண்டி மோதி இறந்த கடமான் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒவ்வொரு சாவும் கணக்கு. இறந்தது குட்டியா, இனப்பெருக்கத்தில் இருக்கும் பெண்ணா, முதிர்ந்த ஆணா என்பதைப் பொறுத்து அந்தக் கூட்டத்தின் எதிர்காலம் மாறும். அதில் வயதைச் சொல்லக்கூடியது தாடைதான்.

எனவே இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். முதுமலை, பந்திப்பூர், வால்பாறை என்று எங்கே போனாலும், பாதையோரம் மானின் தாடையோ கொம்போ கிடந்தால் அழகுப்பொருளாக எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம், ஓர் ஆய்வாளரின் நோட்டில் ஏற வேண்டிய பதிவும் அதோடு போய்விடும். வனத்துறைக்காரரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். சிங்கப்பூரில் இறந்த காட்டுவிலங்கு கண்ணில் பட்டால் தொடாமல், படமும் இடமும் குறித்துக்கொண்டு தேசியப் பூங்காக் கழகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.